குன்னூரில் கெஸ்ட்டுகளுக்குச் சமையல் கிளாஸ் எடுத்த வருடங்கள்

1. எத்தனை கிராம் உப்பு

முதல் நாள் கிளாஸில் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை. நோட்டும் பென்சிலுமாக அடுப்புப் பக்கத்தில் நின்ற ஒரு இங்கிலாந்துக்காரர், "எத்தனை கிராம் உப்பு?" என்று கேட்டார். கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற ராதா அம்மா அதைத் தமிழில் சொன்னார். "அளவாப் போடணும்" என்றேன் நான். ராதா அம்மா அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ தெரியாது, அவர் பென்சிலை எடுக்காமல் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

உப்பை வழக்கம்போல் உள்ளங்கையில் அள்ளி, குழம்பில் போடாமல் அவரிடம் நீட்டினேன். அவர் ஒரு ஸ்பூனை எடுத்து அதில் வழித்துப் பார்த்து, ஒன்றரை ஸ்பூன் என்று எழுதிக்கொண்டார். மற்ற மூன்று பேரும் அதையே எழுதினார்கள். அன்று அவர்கள் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனதும், ராதா அம்மாவும் நானும் உட்கார்ந்து, என் கை அள்ளுகிற மல்லித்தூள், மிளகாய்த்தூள், சீரகம் எல்லாவற்றையும் ஸ்பூனில் அளந்து ஒரு நோட்டில் எழுதினோம். என் கையில் இத்தனை அளவு இருக்கிறது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இப்போது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தெருவுக்கு இரண்டு ஹோம்ஸ்டே இருக்கிறது. "அக்கா, நாங்களும் சமையல் கிளாஸ் எடுக்கலாமா?" என்று பெண்கள் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் பாக்கியம். கிளாஸ் எடுக்க வருவதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தேன்.

2. பெரட்டுக்குப் போய்த் திரும்பிய காலம்

தேயிலை விலை விழுந்த வருடங்களை இந்த மலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்று ஒருவர் சொல்வார், நம் தூளில் தரம் போய்விட்டது என்று இன்னொருவர் சொல்வார். காரணம் எதுவானாலும் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் புகை நின்றுபோனது. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணிப் பெயர் எழுதும் இடத்துக்குப் போனால், பாதி நாள் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் திருப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயன் வீட்டை விட்டு என்னால் போக முடியாது. செக்ரோல் என்கிற எஸ்டேட் ஆள் பதிவில் பெயர் இருக்கிறவரைக்கும்தான் அந்த வீடு எங்களுக்கு.

ராதா அம்மாவுக்கும் தேயிலைதான் அடி கொடுத்தது. அவர் கோயமுத்தூர்க்காரர். கல்யாணமாகிக் குன்னூர் வந்தவர். அவர் வீட்டுக்காரருக்கு எங்கள் எஸ்டேட்டை ஒட்டிக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருந்தது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை வராததால் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். அது இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்றது. அவர்கள் வீடு பெரியது, பழைய கால பங்களா. அதில் மூன்று அறையை ஒழித்துக் கெஸ்ட் ஹவுஸ் ஆக்கினார்கள். பாத்திரம் கழுவவும் அறை கூட்டவும் என்னைக் கூப்பிட்டார்கள். எஸ்டேட்டில் வேலை இல்லாத நாட்களில் போய்க்கொண்டிருந்தேன்.

வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அடிக்கடி சமையலறை வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். இந்திய வீட்டுச் சமையலைக் கற்றுக்கொள்ள ஆசை என்றார்கள். ராதா அம்மா நன்றாகச் சமைப்பார். ஆனால் ஒரே நேரத்தில் அடுப்பையும் பார்த்து இங்கிலீஷும் பேச அவரால் முடியவில்லை. "பாக்கியம், நீ செஞ்சு காட்டு. நான் பேசிக்கிறேன்" என்றார். அப்படித்தான் கிளாஸ் ஆரம்பித்தது.

மெனுவை அவர்தான் போட்டார். பனீர் பட்டர் மசாலா, தோசைக்கல்லில் சுடுகிற நான் ரொட்டி, ஜீரா சோறு, கேரட் அல்வா. கெஸ்ட்டுகள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்றார். பனீர் என்ற பொருளை நான் அதற்கு முன்பு தொட்டதில்லை. ராதா அம்மா பழைய பத்திரிகைகளிலிருந்து எழுதிவைத்திருந்த குறிப்பைப் பார்த்து எனக்குக் காட்டினார். இரண்டு வாரம் பழகினேன். முதல் தடவை பாலைத் திரித்தபோது, நல்ல பாலைக் கெடுக்கிறோமே என்றுதான் தோன்றியது.

3. அடுப்படியில் கற்றவை

கிளாஸ் என்றால் காலையில் மார்க்கெட், பிறகு நறுக்குவது, பிறகு சமையல், கடைசியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. இதில் ஆபத்தான இடம் நறுக்குவதுதான்.

ஒருமுறை ஒரு இளைஞர் பச்சை மிளகாயைப் பொடிப்பொடியாக நறுக்கி முடித்துவிட்டு, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸைச் சரிசெய்யக் கையை விட்டார். அவர் போட்ட சத்தத்தில் தோட்டக்காரர் ஓடி வந்தார். லென்ஸை எடுப்பதற்கும் அதே கைதான். ராதா அம்மா அவர் கையைப் பாலில் முக்கிக் கழுவி, நான் கண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, அரை மணி நேரம் போனது. அதற்குப் பிறகு மிளகாயைத் தொடும் முன்பு எல்லோர் கையிலும் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவேன். லென்ஸ் போட்டவர்களுக்கு மிளகாய் வேலையே கிடையாது, வெங்காயம்தான்.

இன்னொன்று, நிமிடக் கணக்கு. இந்தக் குளிரிலும் உயரத்திலும் பருப்பு சீக்கிரம் வேகாது. இங்கே ஆகிற நேரத்தை எழுதிக்கொண்டு போன ஒரு அம்மாள், தன் ஊரில் அதே நேரம் வைத்துப் பருப்பு கூழாகிவிட்டது என்று கடிதம் எழுதினார். அதிலிருந்து நிமிடம் சொல்வதை விட்டுவிட்டேன். வெங்காயம் நிறம் மாறினால் தக்காளி. பச்சை வாசனை போனால் தண்ணீர். ஓரத்தில் எண்ணெய் பிரிந்தால் இறக்கு. இந்த மூன்றையும் சொல்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. "ஸ்மெல் சேஞ்ச், தென் வாட்டர்" என்பேன். அவர்களும் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தக் காட்சியில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

4. அம்மா பெயரில் ஒரு போர்டு

ஒரு தப்பு மெதுவாக வளர்ந்ததையும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் ஒரு கெஸ்ட், பனீரை வாயில் வைத்துக்கொண்டு, இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். நான் ராதா அம்மாவைப் பார்த்தேன். ராதா அம்மா சிரித்துக்கொண்டே, "அவளோட அம்மா" என்று சொல்லிவிட்டார். அந்தக் கெஸ்ட்டுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோனது. என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்து வந்தவர்களும் கேட்டார்கள். பதிலும் அதேதான். ஆறு மாதத்தில் வாசலில் ஒரு போர்டு வந்தது. தேயிலைத் தொழிலாளி பாக்கியம், தன் அம்மாவிடம் கற்ற இந்தியச் சமையலைச் சொல்லிக்கொடுக்கிறார் என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருப்பதாக ராதா அம்மா படித்துக் காட்டினார்.

என் அம்மா அதற்கு நான்கு வருடம் முன்பே இறந்துபோயிருந்தார். அவர் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். நானும் அங்கேதான் பிறந்தேன். எனக்கு ஒன்பது வயதில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்தோம். அம்மா சொல்லிக்கொடுத்த சமையல் வேறு. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புக்கிங் வந்துகொண்டிருந்தது. எஸ்டேட்டில் வேலை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்திருந்தது. தினமும் காலையில் அந்தப் போர்டைத் தாண்டி உள்ளே போவேன். பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

5. கடையடைப்பு

பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு விவசாயிகள் கடையடைப்பு அறிவித்தார்கள். அதற்கு முதல் நாள், கிளாஸை முடித்த கையோடு ராதா அம்மா தன் வீட்டுக்காரரைக் கண் ஆபரேஷனுக்குக் கோயமுத்தூர் கூட்டிப்போனார். கடையடைப்பு அன்று காலையில் போனில் பேசினார். பஸ்ஸும் காரும் மலை ஏறவில்லை, நாளைக்குத்தான் வர முடியும், கெஸ்ட்டுகளுக்கு இரண்டாம் நாள் கிளாஸ் பாக்கி இருக்கிறது, இருக்கிறதை வைத்து நடத்து என்றார்.

வீட்டில் நான்கு கெஸ்ட். ஒரு இளம் ஜோடி, அதிகம் பேசாத ஒரு ஆள், மார்கரெட் என்ற வயதான அம்மாள். பனீர் முதல் நாளே தீர்ந்துவிட்டது. பால்காரர் வரவில்லை. காலை டீ போட்டுக்கொண்டிருக்கும்போதே கேஸும் தீர்ந்தது. மாற்றுச் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், அதுவும் காலி. அந்தப் பங்களாவில் விறகடுப்பு கிடையாது. ஹோட்டல் எதுவும் திறக்கவில்லை. நான்கு பேரும் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, கையை எண்ணெய்க்கு நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"மை ஹவுஸ். கம்" என்றேன்.

தேயிலைக்குள் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் எங்கள் லயன். பேசாத ஆள் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். ஒரு அறை, அதை ஒட்டி ஒரு அடுப்படி. மைதா மாவு இருந்தது, இரண்டு தேங்காய் இருந்தது, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், மைசூர் பருப்பு, ஒரு எலுமிச்சை. அடுப்பைப் பற்றவைத்தேன். ஆளுக்கொரு வேலை கொடுத்தேன். தேங்காய் துருவி, பாதியை மாவில் உப்போடு போட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டிக் கனமான ரொட்டியாகக் கல்லில் போட்டோம். பருப்பைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தோம். மிளகாயும் உப்பும் வெங்காயமும் அம்மியில் நசுக்கி, மீதித் தேங்காயைச் சேர்த்து அரைத்து, எலுமிச்சை பிழிந்து சம்பல் செய்தோம். அம்மியை மார்கரெட் அம்மாளே கேட்டு வாங்கி அரைத்தார்.

பாதி வேலையில்தான் கவனித்தேன். நோட்டை நான் கொண்டுவரவில்லை. ஒரு அளவும் யோசிக்கவில்லை. கை தானாகப் போய்க்கொண்டிருந்தது.

மார்கரெட் அம்மாள் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலைத் தொட்டு வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு, "போல் சம்போல்" என்றார். தேங்காய்ச் சம்பலுக்குச் சிங்களப் பெயர் அது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இளம் வயதில் கண்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் நர்ஸாக இருந்ததாகவும், தோட்டத்துப் பெண்கள் இதைக் கட்டிக்கொண்டு வந்து தருவார்கள் என்றும் சொன்னார். நீ சிலோனா என்று கேட்டார். தலையாட்டினேன். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரியும்படி மெதுவாகக் கேட்டார்.

"நேற்றைய பனீர், அதுவும் உன் அம்மா சொல்லிக்கொடுத்ததா?"

மொழிபெயர்க்க ராதா அம்மா இல்லை. "நோ" என்றேன். "மதர் நெவர் ஸீ பனீர்."

அந்த ஜோடியில் இளைஞர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அப்படியானால் போர்டில் இருப்பது பொய்யா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய், லயனைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். தகரம், ஒழுகின இடத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக், எல்லாவற்றையும் எடுத்தார்.

மார்கரெட் அம்மாள் இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டார். இது இந்தியச் சாப்பாடா, சிலோன் சாப்பாடா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள் என்றார்கள். ரொட்டி இரண்டு இடத்திலும் இதுதான். அவர் என் அம்மாவின் பெயரைக் கேட்டு, தன் நோட்டில் ரொட்டிக்கு மேலே எழுதிக்கொண்டார்.

6. எஸ்டேட் ஆபீஸ்

மறுநாள் காலையில் ஃபீல்டு ஆபீசர் ஆள் அனுப்பினார். வெளியாட்களை லயனுக்குக் கூட்டிவந்து போட்டோ எடுக்கவிட்டதாகப் புகார், பத்து மணிக்கு ஆபீசுக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எஸ்டேட் லயன் கூரைகளை மாற்றிக் கொடுக்கவில்லை என்று அந்தச் சமயம் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களைப் பத்திரிகைக்காரர்கள் என்று நினைத்துவிட்டார்கள். முந்தின மாதம்தான் வேறொரு டிவிஷனில் ஒருத்தர் பெயரைச் செக்ரோலிலிருந்து எடுத்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். ராதா அம்மா முதல் வண்டியில் வந்திருந்தார். கையில் விசிட்டர் புக். அந்த இளம் பெண், இங்கே சொல்வது பொய் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டுக் கிளம்பியிருந்தார். "இத்தனை நாள் கட்டுன பேரை ஒரு மத்தியானத்துல கெடுத்துட்டயே, பாக்கியம்" என்றார் ராதா அம்மா. ஆபீசில் கூப்பிட்டிருப்பதை மட்டும் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடினார். ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, "நட" என்றார்.

மேனேஜர் ராதா அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் நின்றேன். யாரைக் கேட்டுக் கூட்டிவந்தாய் என்று அவர் என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ராதா அம்மா பேசிவிட்டார்.

"நான்தானுங்க அனுப்புனேன். கடையடைப்பு, கேஸும் தீந்துபோச்சு. வந்தவங்கள பட்டினி போட முடியுங்களா? போன்ல நான்தான் உன்ற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னேன். பத்திரிகைக்காரங்க யாருமில்லீங்க, சமையல் படிக்க வந்தவங்க. தப்புன்னா எம்மேல போடுங்க."

அது உண்மை இல்லை. அவர் போனில் அப்படிச் சொல்லவே இல்லை. முந்தின நாள்தான் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு முடித்த நிம்மதியில் இருந்தேன். இப்போது என் வீட்டைக் காப்பாற்ற இன்னொரு பொய் என் முன்னால் நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனிமேல் லயனுக்குக் கெஸ்ட் யாரும் வரமாட்டார்கள் என்று ராதா அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் எனக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்.

திரும்பும்போது செடி வளர்ந்துபோன தன் தோட்டத்துப் பக்கம் வந்ததும் ராதா அம்மா நின்றார்.

"ரெண்டு வருசமா என்ற சமையக்கட்டுல நிக்கிற. அந்த ரொட்டிய எனக்கு ஒரு நாளாச்சும் செஞ்சு குடுத்திருக்கியா?"

"நீங்க சாப்பிடுவீங்களான்னு தெரியலைங்கம்மா."

"கேட்டாத்தான தெரியும்."

"நீங்களும் என்னைக் கேக்கலைங்கம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவர் கோபப்படவில்லை. வாசலுக்கு வந்ததும் போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேஸ் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்திருந்தது. அன்று மத்தியானம் அவருக்கு ரொட்டியும் சம்பலும் செய்து வைத்தேன். மூன்று சாப்பிட்டார். சம்பலில் காரம் அதிகம் என்றார்.

7. பிறகு

போர்டை மாற்றி எழுதினோம். முதல் நாள் ராதா அம்மா வீட்டுச் சமையல், இரண்டாம் நாள் பாக்கியம் வீட்டுச் சமையல். பனீரை ராதா அம்மாவே செய்து காட்டினார், நான் நறுக்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் நான் செய்தேன், அவர் இங்கிலீஷ் பேசினார். சமையலறைக்குப் பின்னால் ஒரு விறகடுப்பும் போட்டோம். முதல் சீசனில் புக்கிங் குறைந்தது. சம்பல் யாருக்கு வேண்டும், பட்டர் மசாலா மட்டும் போதும் என்று கேன்சல் செய்தவர்கள் உண்டு. அடுத்த சீசனில் கொஞ்சம் நிமிர்ந்தது. மார்கரெட் அம்மாள் தனக்குத் தெரிந்தவர்கள் ஆறு பேரை அனுப்பியிருந்தார்.

தேயிலை விலை பிறகு கொஞ்சம் ஏறியது. எஸ்டேட்டில் முழு வேலைக்குக் கூப்பிட்டார்கள். திருப்பூரிலிருந்து வீட்டுக்காரர் வந்ததும் இரண்டு பேரும் யோசித்து, நான் செக்ரோலிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, லயனைக் காலி செய்து, வாடகை வீட்டுக்கு வந்தோம். முழங்கால் தாங்கினவரைக்கும் கிளாஸ் எடுத்தேன்.

கேட்டு வருகிற பெண்களுக்கு முதலில் சொல்வது, கெஸ்ட்டுக்கு எது ஆகாது என்று அடுப்பைப் பற்றவைக்கும் முன்பு கேளுங்கள் என்பது. மாற்றுச் சிலிண்டரை வாரத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள் என்பது இரண்டாவது. ஆபீசில் நான் பேசாமல் நின்றது சரியா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் கிடையாது. அன்று வாய் திறந்திருந்தால் வீடு போயிருக்கும்.

ஆனால் அடுப்படியில் எனக்குச் சந்தேகம் இல்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கெஸ்ட் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பத்திரிகையைப் பார்த்துக் கற்றது என்றால் பத்திரிகை என்றே சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கற்றது என்றால் அவள் பெயரைச் சொல்லுங்கள். முதலிலேயே அப்படிச் சொன்னதற்காக, எண்ணெய் தேய்த்த கையோடு எழுந்துபோன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.